வால் பக்கத்திலிருந்து வந்த கரண்ட்

எர்ணாவூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போன மாதம் சோலார் தகடுகள் ஏறின. பொருத்த வந்த பையன்கள் இருவரும் கெட்டிக்காரர்கள். வேலை முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "பாருங்க சார், இப்ப உங்க வீட்லேர்ந்து தெருவுக்குக் கரண்ட் போய்க்கிட்டிருக்கு" என்றார்கள். புது மீட்டரிலும் அம்புக்குறி வெளிப்பக்கம் பார்த்து நின்றது. நான் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். தகட்டுக் கரண்ட்டைத் தெருக் கரண்ட்டோடு சேர்ப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த இன்வர்ட்டர் பெட்டி அடங்கியது. மறுபடி போட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு அது மறுபடி ஓடத் தொடங்கியது. மறுபடியும் அணைத்தேன்.

"சார், அது ஆட்டோமேட்டிக். லைன் போச்சுன்னா தானா நின்னுடும். நீங்க பார்க்கவே வேணாம்" என்றான் பெரியவன்.

"அவரை விடுப்பா. கரண்ட் ஆபீஸ்ல கம்பம் ஏறின ஆளு. சுவிட்சைக் கண்டா கை சும்மா இருக்காது" என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது சின்னவன், "மெய்யாலுமே எதுக்கு சார் அத்தனை தடவை அணைச்சீங்க?" என்று கேட்டான். பதில் நீளமாக இருந்ததால் அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் ராயபுரத்தில் ஹெல்பராகச் சேர்ந்தேன். ஏணி தூக்கினேன், குழி தோண்டினேன், திட்டு வாங்கினேன், வயர்மேன் ஆனேன், பிறகு லைன் இன்ஸ்பெக்டர் ஆனேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் மட்டும் கூடவே வந்தது. எதையும் ஏன், எப்படி என்று நோண்டாமல் விடமாட்டேன். 'மூக்கு நீளம்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்.

நாங்கள் லைனைப் பற்றிப் பேசும்போது தலை, வால் என்றுதான் பேசுவோம். டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கம் தலை. தெரு முடிகிற பக்கம் வால். கரண்ட் தலையிலிருந்து வாலுக்குப் போகும். எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்களுக்கும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் அது அப்படித்தான் போனது. அதனால் ரிப்பேர் வேலைக்கு லைனை அணைத்ததும், பாதுகாப்புக்காகக் கம்பியைப் பூமியோடு சேர்க்கும் எர்த் ராடை, ஏறுகிற கம்பத்தின் தலைப் பக்கத்தில் மாட்டுவோம். வருகிற வழியை அடைத்துவிட்டால் போதும் என்பது எங்கள் கணக்கு.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் காலத்தில் கரண்ட் நின்றால் கடைக்காரர்கள் சின்ன ஜெனரேட்டரை வாசலில் வைத்து இழுப்பார்கள். தெருக் கரண்ட்டையும் ஜெனரேட்டரையும் பிரிக்கிற சுவிட்சைச் சரியாகப் போடாமல் விட்டால், அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பி எங்கள் கம்பிக்கு வந்துவிடும். அதற்காக நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கம்பத்தில் கால் வைப்பதற்கு முன் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு நிற்போம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். மண்ணெண்ணெய்ப் புகை வாசனை வருகிறதா என்று மூக்கையும் தூக்கிப் பார்ப்போம். எங்காவது படபடவென்று சத்தம் வந்தால், போய் அந்த ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத்தான் ஏறுவோம். ஒன்றும் இல்லையென்றால், ஏறப்போகிறவன் "தெரு ஊமை" என்பான். அதைச் சொல்லாமல் ஒருவனும் ஏறமாட்டான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் நான் திருவொற்றியூர்ப் பக்கம் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக வசுமதி மேடம் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்களை விட வயதில் சின்னவர், ஆனாலும் எல்லோரையும் 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. ஒரு பழுது என்று போய் நின்றால், மேஜையை விட்டு எழுந்து, ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிடுவார். சிமெண்டுத் தரையில் அந்தத் தெரு லைனை நாங்கள்தான் வரைய வேண்டும். கம்பம், வீடு, கடை, வேப்பமரம் எல்லாம் வர வேண்டும். வரைந்து முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாக நடப்பார். நடந்துகொண்டே, "அப்படிங்களா, வேற எப்படி நடந்திருக்கலாம்?" என்பார். நாங்கள் ஒன்று சொன்னால், "அது சரிங்ணா, வேற எப்படி?" என்பார். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் என் மூக்குக்கு ஏற்ற ஆள் வந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

எல்லப்பன் என்னோடு இருந்த வயர்மேன். வியாசர்பாடி குடியிருப்பில் வீடு. பல வருஷம் ஒப்பந்தக் கூலியாகக் கம்பம் சுமந்த பிறகு நிரந்தரம் ஆனவன். அவன் குடும்பத்திலேயே மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். முதல் சம்பளத்தில் சின்னதாக ஒரு புத்தர் சிலை வாங்கி டி.வி. மேல் வைத்தான். வேலைக்குக் கிளம்பும்போது அதைத் தொட்டுவிட்டுத்தான் வருவான். வாய் ஓயாமல் பேசுவான். கம்பத்தின் கீழே காது கொடுத்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அவன் வாயை மூடியிருப்பான் என்று கிண்டல் செய்வோம்.

ஒருநாள் காலை மரியாக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தார். கடலை ஒட்டிய ஒரு சந்தின் கடைசியில் குடியிருந்து மீன் விற்கிறவர்.

"இன்னாப்பா, ரெண்டு நாளா ஒரே பேஜாரா கீது. ஃபேன் சுத்துது, காத்து வர்ல. பல்பு நெருப்புத் துண்டாட்டம் எரியுது. ராத்திரியானா சுத்தமா நின்னுபோது" என்றார்.

லோ வோல்டேஜ் என்று எழுதிக்கொண்டு நானும் எல்லப்பனும் கிளம்பினோம். கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பையும் அலுமினியத்தையும் தின்றுவிடும். ஒரு கம்பியையும் அடுத்த கம்பியையும் கம்பத்தின் உச்சியில் இணைக்கிற சிறு துண்டுக்கு ஜம்பர் என்று பெயர். அந்தச் சந்தின் கடைசிக் கம்பத்துக்கு முந்தின கம்பத்தில் ஜம்பர் தீய்ந்து, அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்தே தெரிந்தது. அதற்கு அப்பால் இருந்தது நான்கே இணைப்புகள். மரியாக்கா வீடு, பக்கத்தில் ஒரு சின்ன வீடு, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு, கயிற்றுக்கடை அண்ணாச்சியின் கடையும் மாடி வீடும். புது ஜம்பர் போட்டால் வேலை முடிந்தது.

டிரான்ஸ்பார்மருக்குப் போய் பீஸ் கட்டைகளைப் பிடுங்கி என் தோள் பையில் போட்டுக்கொண்டேன். கட்டை நம் பையில் இருந்தால் வேறு யாரும் வந்து லைனைப் போட முடியாது, அதனால் அது எங்கள் சட்டம். திரும்பி வந்தேன். இருவரும் காது கொடுத்தோம். அலைச் சத்தமும் கோயில் மைக்கின் தூரத்துப் பாட்டும்தான் கேட்டன.

"தெரு ஊமையா கீது அண்ணே" என்று சொல்லிவிட்டு எல்லப்பன் ஏறினான். பெல்ட்டைப் போட்டான். தலைப் பக்கக் கம்பியில் டெஸ்ட் விளக்கை வைத்தான், எரியவில்லை. அங்கேயே எர்த் ராடை மாட்டினான். முறையாக எல்லாம் செய்தான். பிறகு தீய்ந்த ஜம்பரைக் கழற்ற வால் பக்கக் கம்பியைப் பிடித்தான்.

அவன் உடம்பு வில்லாக வளைந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. காலும் நழுவியதால் கை தானாக விட்டுப்போய், பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்தார்கள். காய்ந்த கயிறு போட்டு அவனை இறக்கினோம். ஆட்டோவில் என் மடியில் கிடந்தபோது கண்ணைத் திறந்தான். வலது கை விரல்கள் கருகியிருந்தன.

"ஊமைன்னு சொன்னேனே அண்ணே" என்றான். எனக்கு அழுகை வந்தது. பையில் பீஸ் கட்டைகள் என் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தன.

மறுநாள் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அணைத்த லைனில் கரண்ட் எப்படி வரும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு அவரே பதிலும் வைத்திருந்தார். லைனை அணைப்பதற்கு முன்பே எல்லப்பன் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் போதையில் வேறு கம்பியைத் தொட்டிருக்க வேண்டும். "குடிச்சிருந்தானா?" என்று என்னைக் கேட்டார். அவன் பீடி கூடப் பிடிக்கமாட்டான் என்றேன். அப்படியானால் நீதான் கட்டையைப் பிடுங்கவில்லை என்று ஆகிறது, யோசித்து எழுதிக் கொடு என்றார். அதாவது எல்லப்பன் மேல் எழுதிவிட்டு நீ தப்பித்துக்கொள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்கு வேலை நீக்கம் வரை போகக்கூடிய மெமோ தயாராகிக்கொண்டிருந்தது.

வசுமதி மேடம் குறுக்கே பேசவில்லை. அதிகாரி கிளம்பும்போது மட்டும், "சார், அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்துதுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் மெமோ வேண்டாமுங்க" என்றார்.

"வராத கரண்ட்டை எங்கம்மா தேடுவீங்க? வாரக் கடைசி வரைக்கும் பாருங்க" என்றார் அவர்.

அதிகாரியின் ஜீப் வாசல் தாண்டுவதற்குள் மேடம் சுண்ணாம்புக் கட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். வரைந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அறுந்த ஜம்பரின் இடத்துக்கு வந்ததும் நின்றார்.

"மரியாக்கா புகார் சொன்னாங்கல்ல, அதை அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்ணா."

சொன்னேன்.

"ஜம்பர் ஒட்டியும் ஒட்டாமயும் இருந்துதுங்களா? முழுசா அறுந்திருந்துதுங்களா?"

"முழுசா அறுந்து தொங்கிச்சு மேடம். நடுவுல என் கையை நுழைக்கலாம்."

"அப்ப அந்தக்கா வீட்டு பல்பு எப்படிங்ணா எரிஞ்சது?"

அந்தக் கேள்வி என் தலையில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலையோடு தொடர்பு அறுந்த வாலில் விளக்கு எரிந்திருக்கிறது. கரண்ட் இல்லை என்று அந்த அம்மாள் சொல்லவே இல்லை, குறைவாக இருக்கிறது என்றுதான் சொன்னார். நான்தான் லோ வோல்டேஜ் என்று எழுதிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். எல்லப்பனைப் பற்றிய கவலையையும் மீறி எனக்குள் ஓர் அரிப்பு எடுத்தது.

சந்துக்குப் போய்த் தேடினோம். பக்கத்துத் தெரு லைனிலிருந்து யாராவது கொக்கி போட்டு இழுத்திருக்கிறார்களா என்று பார்த்தோம். அந்தப் பக்கத்தில் அது புதிதல்ல. ஆனால் கொக்கி எதுவும் இல்லை. ஜெனரேட்டரும் அந்த நாலு இடத்திலும் கிடையாது. கயிற்றுக்கடை அண்ணாச்சி எங்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மேடம் தன் முதல் வேலையைப் பற்றிச் சொன்னார். உடுமலைப்பேட்டைப் பக்கம். அங்கே காற்றாலைகள் வந்த சமயம். காற்று அடித்தால் காட்டுக்குள் நிற்கும் காற்றாலையிலிருந்து கரண்ட் லைனுக்குள் வரும். காற்று நின்றால் லைனிலிருந்து அதற்குப் போகும்.

"அங்க எங்களுக்கு வாலே கிடையாதுங்ணா. ரெண்டு பக்கமும் தலைதான். எர்த் ராடு ரெண்டு பக்கமும் மாட்டாம யாரையும் ஏற விடமாட்டோம். இங்க வந்து அதை மறந்துட்டேன்" என்றார்.

மறுநாள் சந்தில் கழுத்து வலிக்க வலிக்க மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தோம். யாராவது வீட்டில் காற்றாடி வைத்திருப்பார்களோ என்று தேடினோம். சுற்றுகிற ஏதோ ஒன்றைத்தான் எங்கள் கண் தேடியது. துணி உலர்ந்தது, கருவாடு உலர்ந்தது, சுற்றுகிற பொருள் ஒன்றுமில்லை.

சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று, எல்லப்பன் ஏறிய அதே உச்சி வேளையில் பீஸ் கட்டைகளைப் பிடுங்கினேன். கடைசிக் கம்பத்தில் டெஸ்ட் விளக்கை வைத்தேன். எரியவில்லை. மூன்று தடவை பார்த்தேன். வெயிலில் வியர்த்து ஊற்றியது. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு உண்மையிலேயே கட்டையைப் பிடுங்கினேனா என்று கூட ஒரு நிமிஷம் தோன்றியது.

மேடம் சந்தின் நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சுண்ணாம்புக் கோடு இருப்பதுபோல் நாலு எட்டு நடந்தார்.

"அன்னைக்கு ஜம்பர் அறுந்திருந்துதுங்ணா. இன்னைக்கு நாம ஒட்ட வச்சிருக்கோம். வர்றது கொஞ்சூண்டு கரண்டா இருந்தா, தெருவே சேர்ந்து அதைக் குடிச்சிடும். ஒரு குடம் தண்ணியை ஊரே பங்கு போட்ட மாதிரி. அன்னைக்கு அது கடைசி நாலு பேருக்கு மட்டும் போயிருக்கு."

கட்டையை முதலில் பிடுங்கினால் அந்தக் கொஞ்சூண்டு கரண்ட்டையும் தெரு குடித்துவிடும் என்பதால், அடுத்த நாள் உச்சி வேளையில் ரப்பர் உறை போட்டு, மர ஏணியில் நின்று, ஓடிக்கொண்டிருந்த லைனிலேயே ஜம்பரைக் கழற்றினேன். பிறகு பீஸ் கட்டைகளையும் பிடுங்கி மேடத்தின் கைப்பையில் போட்டேன். கடைசிக் கம்பத்தில் டெஸ்ட் விளக்கை வைத்தேன்.

எரிந்தது. மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில், ஆனால் எரிந்தது.

நான் விளக்கைப் பார்த்தேன். கீழே மேடத்தின் கைப்பையைப் பார்த்தேன். சந்தில் ஒரு சத்தமும் இல்லை, ஒரு வாசனையும் இல்லை. அப்போது கடல் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய மேகத்தின் நிழல் சந்துக்குள் வந்தது. விளக்கு இன்னும் மங்கியது. நிழல் நகர்ந்து வெயில் வந்தது. விளக்கும் பிரகாசமானது.

"மேடம், மேகம் போனா கரண்ட் குறையுது" என்றேன், பைத்தியக்காரன் பேச்சு என்று தெரிந்தே.

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்கடை மாடிப்படியைப் பார்த்தார்.

கயிற்றுக்கடை அண்ணாச்சிக்குத் தூத்துக்குடி. அண்ணன் தம்பிகள் கயிறும் தார்ப்பாயும் விற்றுக்கொண்டிருக்க, இவர் மட்டும் கப்பலில் எலக்ட்ரீஷியனாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்று அண்ணன் கடையில் வந்து உட்கார்ந்தவர். அது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். மாடியில் தார்ப்பாய்களுக்கு நடுவே நீல நிறத் தகடுகள் படுத்துக் கிடந்தன. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. கடலில் மிதவை விளக்குகளுக்கு வைக்கிற தகடுகளாம். பழசானதை ஏலத்தில் எடுத்திருக்கிறார். பக்கத்தில் நிழலில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கடைசியாகக் கப்பலில் போனபோது ஏதோ ஒரு ஐரோப்பியத் துறைமுகத்தில் வாங்கி வந்தது. வெயிலில் வரும் கரண்ட்டைத் தெருக் கரண்ட்டோடு தாளம் பிசகாமல் சேர்க்கிற பெட்டி.

"நா ஒண்ணுந் திருடல, கேட்டியளாம்மா" என்றார் முதல் பேச்சாக. "லைனுக்குக் குடுக்கத்தான் செய்தேன். ஒரு வேடிக்கை காட்டுதேன், வாங்க."

என்னை ஏணியில் ஏறி ஜம்பரை மாட்டி லைனைப் போடச் சொன்னார். மீட்டருக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். கடையை மூடி எல்லா சுவிட்சையும் அணைத்தார். மீட்டருக்குள் இருக்கும் அலுமினியத் தட்டு நின்றது, கொஞ்சம் தயங்கியது, பிறகு பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. என் வாழ்நாளில் மீட்டர் பின்னால் ஓடிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் சாப்பிட்டுவிட்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மேடம் கேட்காமலே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அந்தத் தட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியாதது ஒரு பக்கம்.

"லைன் போனா இந்தப் பெட்டி தானா நிக்கணுமே அண்ணாச்சி" என்றார் மேடம்.

"நிக்கும்மா. நல்லா நிக்கும். அதுதான் தொந்தரவு. அந்த ஊர்க் கரண்ட் அளவுக்கு நம்ம கரண்ட் ஒரு நெலையில நிக்காதுல்லா. ஏறும், எறங்கும். உடனே இது லைன் போச்சுன்னு நெனச்சுப் படுத்துக்கிடும். ஒரு நாளைக்கு அம்பது வாட்டி. பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். பொறவு தொறந்து, எவ்வளவு ஏறினாலும் எறங்கினாலும் ஓடுத மாதிரி மாத்தி வச்சிட்டேன்."

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார். அறுந்த ஜம்பரைப் பற்றியும் எல்லப்பனைப் பற்றியும் நிதானமாகச் சொன்னார். அன்றைக்கு சந்தில் ஒருவன் விழுந்ததை அண்ணாச்சி கேள்விப்பட்டிருந்தார். இறக்க ஓடி வந்தவர்களிடம் கயிறு எடுத்துக் கொடுத்ததே அவர் கடையிலிருந்துதான். தன் பெட்டிக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் முகம் செத்துவிட்டது. "அந்தத் தம்பி கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். பிறகு பிளாஸை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனார்.

"கழட்டாதீங்க" என்று நான் தடுத்தேன். "நீங்க கழட்டிட்டா அவன் வேலை போயிடும். இது ஓடறதை எங்க அதிகாரி கண்ணால பார்க்கணும். பார்த்தா உங்க மேல கேஸ் வரும். அதையும் சொல்லிடறேன்."

பிளாஸைக் கீழே வைத்தார். "வரச் சொல்லுங்க. இருக்கேன்" என்றார்.

வாரக் கடைசியில் அதிகாரி வந்தார். வெயில் பளிச்சென்று இருந்தது. ஜம்பரைக் கழற்றினேன். பீஸ் கட்டைகளை இந்தத் தடவை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு கையிலும் கட்டைகளை ஏந்திக்கொண்டு, வாலில் எரிகிற விளக்கை அவர் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சும்மா சொல்லக்கூடாது, ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "எல்லப்பன் மேல தப்பில்லை" என்று அங்கேயே சொன்னார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, இது மின்திருட்டு என்றார்.

"திருடறவங்க எடுத்துட்டுப் போவாங்க சார். இவர் கொண்டாந்து வச்சிருக்காருங்க" என்றார் மேடம்.

"அப்ப இதுக்கு என்னம்மா ரூல்?"

"இன்னும் எழுதலைங்க சார்."

கேஸ் இல்லாமல், கடுமையான எச்சரிக்கையோடு முடிந்தது. பெட்டியைக் கழற்றி எங்கள் ஆபீஸில் கொண்டுவந்து வைத்தோம். தகடுகளைத் தனியாக ஒரு பேட்டரியில் சேர்த்து, தெரு லைனோடு ஒட்டு உறவில்லாமல் கடைக்கு ஃபேன் ஓட்டிக்கொண்டார் அண்ணாச்சி. எங்கள் பிரிவில் அன்றிலிருந்து எர்த் ராடு இரண்டாயிற்று, தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. மற்ற பிரிவுக்காரர்கள் ரொம்ப நாள் எங்களைக் கேலி செய்தார்கள்.

எல்லப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அண்ணாச்சி மாடித் தகடுகளைப் பார்க்கணும் என்றான். கூட்டிக்கொண்டு போனேன். வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. அந்தக் கையைத் தகட்டின் கண்ணாடி மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். அண்ணாச்சி ஓரமாக நின்றார்.

"இதுவா அண்ணே? மூச்சே வுடலியே" என்றான் எல்லப்பன். பிறகு அவரைப் பார்த்து, "ஒரு மணியாவது கட்டி வுட்டிருக்கக் கூடாதா?" என்றான்.

கோபமில்லாமல்தான் சொன்னான். அண்ணாச்சி அழுதுவிட்டார்.

இப்போது ஊரில் மாடிக்கு மாடி தகடு. எந்தத் தெருவுக்குத் தலை எது, வால் எது என்று இனி யாரும் சொல்ல முடியாது. மீட்டரே இரண்டு பக்கமும் பார்க்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. கம்பத்தில் ஏறுகிற வயதாக இருந்தால் இன்னும் பிடித்திருக்கும். ஆனால் அந்தப் பையன் "தானா நின்னுடும்" என்றபோது, அண்ணாச்சியின் பெட்டியும் ஒரு காலத்தில் தானாக நிற்கிற பெட்டிதான் என்பது நினைவுக்கு வந்தது. அதனால்தான் தம்பி, அத்தனை தடவை அணைத்தேன்.

போன வாரம் எல்லப்பனை வரச் சொன்னேன். அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். முட்டி வலியோடு மெதுவாக மாடி ஏறினான். தகடுகளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். "இதானா?" என்றான். ஆமாம் என்றேன். பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு, "போய் அணை அண்ணே" என்றான்.

கீழே போனேன். "அணைக்கிறேன்" என்று கத்திவிட்டு மெயினை அணைத்தேன். மேலேயிருந்து பதில் இல்லை. கம்பத்தின் கீழே நிற்பதுபோல் நானும் பேசாமல் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

படியேறிப் போய்ப் பார்த்தேன். மடங்காத விரல்களைப் பெட்டியின் மேல் விரித்து வைத்து, காதை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

"உள்ளாற டொக்குனு ஒரு சத்தம் அண்ணே. நீ அணைச்ச ஒடனே வந்துது" என்றான். "மணி கட்டிட்டானுங்க."

அப்புறம், "இன்னொரு தபா போட்டு அணை" என்றான். நான் மறுபடி கீழே இறங்கினேன்.